சூம் இல்லாத கமராவுக்கு இவ்வளவு காசா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கடந்து போகலாம், கோபிக்க மாட்டேன்.

போன வியாழக்கிழமை இடைவேளையில் ஸ்டாப் ரூமில் வாய்தவறி ஒரு கதை சொல்லிவிட்டேன். சின்னதாக ஒரு கமரா வாங்கும் யோசனை இருக்கிறது, லென்ஸைக் கழற்ற முடியாத, சூம் இல்லாத வகை என்று. அவ்வளவுதான். அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் செருப்பு மாட்டும் இடத்திலேயே ஒருவர் கேட்கிறார்: "சேர் அஞ்சு லட்சத்துக்குக் கமரா எடுக்கப் போறீங்களாம், சூமும் இல்லையாம், உண்மையா?"

அன்றிலிருந்து அறிவுரை மழை. போன் போதாதா என்கிறார் ஒருவர். எடுப்பதென்றால் பெரிய கமராவும் சூம் லென்ஸும் எடு, கலியாண வீடுகளுக்குப் போகலாம் என்கிறான் மச்சான். வீண்விரயம் ஹராம் என்று குரல் பதிவே அனுப்பியிருக்கிறார் இன்னொருவர். கொழும்பிலிருக்கும் கல்வியியற் கல்லூரி நண்பர்களோ எதிர்ப்பக்கம்: எடுத்தால் புதுசுதான் எடுக்க வேண்டுமாம், பழசெல்லாம் குப்பையாம்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் போன்காரர்கள். நான் கணிதம் படிப்பிப்பவன், அளவைச் சொல்லாமல் விடமாட்டேன். நான் பார்க்கும் வகைக் கமராக்களில் வெளிச்சத்தை வாங்கும் சென்சர் ஏறத்தாழ 23.5 மில்லிமீற்றர் நீளம், 15.6 மில்லிமீற்றர் அகலம். விலைகூடிய போன் ஒன்றின் பிரதான சென்சர் பத்துக்கு ஏழு என்ற அளவில் இருக்கும். பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள், ஐந்து மடங்கு வித்தியாசம். நம் கையில் இருக்கும் போன்களில் அதைவிடச் சின்னது. மாரி காலத்தில் கரண்ட் போன வகுப்பறையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நல்ல வெயிலில் எடுத்து போன் திரையிலேயே பார்ப்பதென்றால் வித்தியாசத்தை நானே கண்டுபிடிக்கமாட்டேன். இதை ஒப்புக்கொள்கிறேன். தரத்துக்காக மட்டும் என்றால் போன் போதும், விவாதம் முடிந்தது.

என் பிரச்சினை வேறு. வகுப்பில் நான் போனைத் தூக்கியதும் பிள்ளைகளின் முகம் மாறுகிறது. ஒருவன் தலைமயிரைச் சரிசெய்வான், ஒருத்தி கொப்பியால் முகத்தை மறைப்பாள், இரண்டு பேர் விரலைத் தூக்குவார்கள். ஏனென்றால் அது பேஸ்புக்குக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். யார் பழக்கியது? நாங்கள்தான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் பாதணி வழங்கும் நிகழ்வு ஒன்று. வழமைபோல ஒரு சோடிச் சப்பாத்தை ஆறு பெரிய கைகள் பிடித்திருக்க, நடுவில் என் வகுப்புப் பொடியன். அவன் சப்பாத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். "தலைய நிமித்து மகன்" என்றேன். நிமிர்ந்தான். எடுத்தேன். அன்றிரவு அது "வறிய மாணவர்களுக்கு" என்ற தலைப்போடு போனது. ஊர் முழுக்கப் பகிர்ந்தது, மாஷா அல்லாஹ் நூற்றுக்கணக்கில் விழுந்தது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவன் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான், பழைய சப்பாத்தோடு.

அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். என் போனில்தான். அதில் இருந்த குறை மெகாபிக்சல் குறை இல்லை.

ஆகவே "போன் போதாதா" என்று கேட்பவர்களுக்கு: எதற்குப் போதாதா? நிகழ்வுக்குப் போதும். அறிக்கைக்குப் போதும். நன்கொடையாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பப் போதும். அந்த வேலைக்கு இனி என் போன் வராது, கமராவும் வராது. அதிபருக்கும் சொல்லிவிட்டேன், அவர் முகம் சுருங்கியது, பரவாயில்லை.

அடுத்து மச்சானின் சூம்.

இது எளிய கணக்கு, தரம் 7 பிள்ளையும் செய்யும். 36ஐ லென்ஸின் எண்ணால் வகுத்து, நிற்கும் தூரத்தால் பெருக்கினால் படத்துக்குள் எத்தனை அடி அகலம் வரும் என்று தெரியும். எங்கள் வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு இருபது அடி. 35 என்ற லென்ஸோடு நின்றால் கிட்டத்தட்ட இருபதரை அடி வரும், முழு வகுப்பும் அடங்கும். 28 என்றால் இருபத்தைந்தரை அடிக்கு மேல். 40 என்றால் பதினெட்டு. சூமை இழுத்து 200க்குக் கொண்டுபோனால்? மூன்றரை அடி. அதாவது கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளையின் முகமும் தோளும். அந்தப் பிள்ளைக்குத் தன்னை எடுப்பது தெரியவே தெரியாது.

எனக்கு அது வேண்டாம். சூம் இல்லாத கமராவில் ஒரு முகத்தை எடுக்க வேண்டுமென்றால் நான் நடந்து போக வேண்டும். நாலைந்து அடிக்குக் கிட்ட. அந்தத் தூரத்தில் பிள்ளை என்னைப் பார்க்கும். "வேணாம் சேர்" என்று சொல்லும். அந்த "வேணாம்" சொல்லும் இடம் சூமில் இல்லை. கலியாண வீட்டு வருமானம் நல்ல வருமானம்தான் மச்சான், மறுக்கவில்லை. அந்தத் தொழிலுக்குச் சூம் வேண்டும், இரண்டு கமரா வேண்டும், பிளாஷ் வேண்டும். நான் கேட்டது அந்தத் தொழிலுக்கு இல்லை.

இந்தச் சின்னக் கமராக்களை யூடியூபில் விற்பவர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அவர்கள் சொல்லும் பெரிய சிறப்பு என்ன? "சின்னதாக இருப்பதால் உங்களை யாரும் கவனிக்கமாட்டார்கள், தெருவில் யாருக்கும் தெரியாமல் எடுக்கலாம்." ரிகோ ஜிஆர் III சட்டைப் பையில் அடங்கும், 257 கிராம்தான், சரி. ஆனால் யாருக்கும் தெரியாமல் எடுக்கும் சலுகை யாருக்கு இருக்கிறது? தோக்கியோவில் இருப்பவருக்கு இருக்கலாம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த மாதங்களில், தாடியோடு, வெளியூர் ஒன்றில், நண்பனின் கமராவால் ஒரு பழைய கட்டடத்தைப் படமெடுத்துக்கொண்டு நின்றவன் நான். இரண்டு பேர் வந்தார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார்கள். அரை மணித்தியாலம். அழித்துவிட்டுப் போகச் சொன்னார்கள், அழித்தேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, அன்றைய பயம் அப்படி. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒளித்து எடுக்கும் கமரா ஒரு சிறப்பு இல்லை. ஆபத்து. எனக்கு வேண்டியது எல்லோருக்கும் தெரியும்படி கழுத்தில் தொங்கும் ஒன்று. "இந்தா நிற்கிறான், கமராவோடு" என்று தூரத்திலேயே தெரிய வேண்டும்.

இனிக் கொழும்பு நண்பர்கள்.

ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வி.ஐ. நல்ல கமரா. மறுக்கவில்லை. 2024 பெப்ரவரியில் வந்தது, 40 மெகாபிக்சல், கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. வந்தபோது அமெரிக்காவில் விலை 1,599 டொலர். டொலரை 300 ரூபாய் என்றே வைப்போம்: 479,700 ரூபாய். அதற்கு மேல் 18 வீத வற் போட்டால் 566,046 ரூபாய். கடைக்காரரின் இலாபம் இன்னும் சேரவில்லை. இதற்கு முந்தியது, எக்ஸ்100 வி, 2020 பெப்ரவரியில் 1,399 டொலருக்கு வந்தது. அன்று டொலர் 180 ரூபாய் அளவில், இரண்டரை இலட்சம். நான்கு வருடத்தில் கமரா 200 டொலர்தான் கூடியது. மிச்சம் முழுவதும் எங்கள் ரூபாய் விழுந்த விழுக்காடு. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, 40 மெகாபிக்சல் எதற்கு? எனக்கு வேண்டியது ஸ்டூடியோவில் கழுவித் தரும் சாதாரண 6க்கு 4 அங்குலப் படம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் எடுத்தாலும் 1,800ஐ 1,200ஆல் பெருக்க வேண்டும்: 2,160,000. இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். 40ஐ வாங்கி இரண்டைப் பாவிப்பது, ஆறு பேருக்குச் சோறு ஆக்க ஒரு மூட்டை அரிசியை அடுப்பில் போடுவது மாதிரி.

எனக்கு எரிச்சல் வருவது விலையில் இல்லை, விலையோடு சேர்த்து விற்கும் தத்துவத்தில். "சூம் இல்லாதது ஒரு கட்டுப்பாடு, கட்டுப்பாடு உங்களைக் கலைஞனாக்கும்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூம் இல்லாத, லென்ஸ் கழற்ற முடியாத கமரா யாருடையது என்று வரலாற்றைப் பாருங்கள். 1900இல் கொடாக் கம்பனி பிரௌனி என்ற பெட்டிக் கமராவை ஒரு டொலருக்கு விற்றது. மாற்ற முடியாத ஒரே லென்ஸ். பிள்ளைகளுக்கென்றே விளம்பரம் செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த குடும்பக் கமராக்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான். அது வசதியில்லாதவரின் கமரா. லென்ஸ் மாற்றுபவர்தான் பணக்காரர். இன்று அதே வசதிக்குறைவை மெருகு போட்டு, தோல் உறை போட்டு, ஐந்து இலட்சத்துக்கு "கட்டுப்பாடு" என்று எங்களுக்கே விற்கிறார்கள். லைக்கா கியூ3 என்று ஒன்று இருக்கிறது, அதுவும் ஒரே லென்ஸ்தான், 2023இல் வந்தபோது விலை 5,995 டொலர். ரூபாயாக்கிப் பார்க்க வேண்டாம், நோன்பு காலத்தில் தலைசுற்றும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நீ ஏன் வாங்கப் போகிறாய் என்று கேட்பீர்கள். அதற்கு நான் எங்கள் ஆங்கில சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் படித்த பாடசாலைக்குச் சம்மாந்துறையிலிருந்து ஒரு சேர் பழைய ஹொண்டா பிப்டியில் வருவார். கழுத்தில் ஒலிம்பஸ் ட்ரிப் 35 என்ற கமரா. 1967இலிருந்து 1984 வரை செய்த சாமான், எங்கள் காலத்திலேயே பழசு. சூம் இல்லை, லென்ஸ் கழராது, பற்றரி கூட இல்லை. லென்ஸைச் சுற்றியிருக்கும் கண்ணாடி வளையம் வெளிச்சத்தை வாங்கித் தானே கணக்குப் பார்க்கும். வெளிச்சம் போதாவிட்டால் பார்க்கும் துவாரத்துக்குள் சிவப்பு நாக்கு ஒன்று எழும், பட்டன் அமராது. தூரத்துக்கு நாலே நாலு சின்னப் படங்கள்: ஒரு ஆள், இரண்டு ஆள், கூட்டம், மலை. எங்கள் ஊரில் மலை இல்லாததால் கடலுக்கு அதைப் பாவிப்பார்.

இடைவேளையில் எங்களுக்குள் வந்து நிற்பார். "எடுக்கவா?" என்பார். வேண்டாம் என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பில்ம் முடிந்ததும் கல்முனையில் கொடுத்துக் கழுவி, இரண்டு பிரதி போடுவார். ஒன்று பிள்ளைக்கு. மற்றது அவரிடம், வருடமும் வகுப்பும் எழுதிய கடித உறையில், சம்மாந்துறை வீட்டில்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நான் அப்போது எட்டாம் தரம். அன்று என்ன நடந்தது என்று இந்தக் கரையில் யாருக்கும் எழுதத் தேவையில்லை. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். எங்கள் வீட்டில் தங்கச்சி, நாலாம் தரம். உம்மம்மா. வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை, அல்பமும் இல்லை. உம்மம்மாவின் முகம் இன்று ஒரு அடையாள அட்டைப் பிரதியில் மட்டும் இருக்கிறது, அதுவும் கறுத்துப்போனது.

ஜனவரியில் நாங்கள் முகாமில் இருந்தபோது சேர் வந்தார். கடல் சம்மாந்துறை வரை போகவில்லை. கையில் ஒரு சொப்பிங் பேக். உள்ளே அந்தக் கடித உறைகள். ஒவ்வொரு குடும்பமாகத் தேடிப்போய் கொடுத்தார். சிலரிடம் ஒரு படம், சிலரிடம் மூன்று. ஒரு வாப்பாவுக்கு அவருடைய மகனின் படம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும், கூட்டப் படம் ஒன்றில் ஓரத்தில் நின்ற அவனை விரலால் காட்டி, "இந்தா இருக்கான்" என்றார். எனக்கு அந்த விரல் ஞாபகம்.

எங்கள் உம்மாவுக்குக் கிடைத்தது ஒரு படம். தங்கச்சி பாடசாலைக் குழாயடியில் கை கழுவிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள். கேட்டுவிட்டு எடுத்த படம், பார்த்தாலே தெரியும். சேர் நாலடி தூரத்தில் நின்றிருப்பார். உம்மா அதை அடையாள அட்டைகளோடு வைத்திருக்கிறா.

வீண்விரயம் என்று குரல் பதிவு அனுப்பிய காக்காவுக்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டுமானால் ஒன்று மட்டும்: கலியாண வீட்டில் ட்ரோன் பறந்தபோது நீங்கள் முன்வரிசையில் இருந்து மேலே பார்த்துக் கை காட்டினீர்கள். எனக்குத் தெரியும், நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

என் மனைவியின் கேள்விதான் உண்மையான கேள்வி. "வாங்குங்க. ஆனா கடன் எடுத்து வாங்காதீங்க. பின்பக்கச் சுவர் இன்னும் பூசல்ல." இதற்குப் பதில் சொல்லாமல் கமரா வீட்டுக்குள் வராது. ஆகவே முடிவு இது. புதுசு இல்லை. லோன் இல்லை. சீட்டு எனக்கு அடுத்த மாதம் விழுகிறது. பழைய எக்ஸ்100 எஸ் ஒன்று, 2013இல் வந்த வகை, 16 மெகாபிக்சல், ஒருவர் 185,000க்குச் சொல்கிறார். குறைத்துக் கேட்டிருக்கிறேன். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் வராது, பாடம் கெடாது. 35க்குச் சமமான லென்ஸ், அந்த இருபதடி வகுப்பறைக் கணக்குக்குச் சரி. சுவருக்கு மிச்சக் காசு இருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.

இதிலும் பயம் இல்லாமல் இல்லை. லென்ஸ் கழராத கமராவில் லென்ஸ் போனால் கமராவே போச்சு. எங்கள் உப்புக் காற்றில் கண்ணாடிக்குள் பங்கசு பிடிக்கும். ரிகோ ஜிஆரில் லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போது தூசியும் சேர்ந்து போய் சென்சரில் உட்கார்ந்துவிடும் என்பது அதைப் பாவித்தவர்களின் பழைய முறைப்பாடு. கடற்கரை மண்ணில் நிற்கும் எனக்கு அது சரிவராது. எக்ஸ்100 எஸ்ஸின் லென்ஸ் அப்படி மடிந்து போகாது, ஆனால் தண்ணீருக்கும் தூசிக்கும் அடைப்பு இல்லை. சனிக்கிழமை கையில் எடுத்து, டோர்ச் லைட்டை லென்ஸுக்குள் அடித்து, வலை மாதிரி வெள்ளை நூல் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் சலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். பற்றரி என்பி-95 என்ற வகை, வேறு கம்பனிகள் செய்வது கிடைக்கிறது. ஈரப்பதத்துக்கு மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பக்கெட்டும் போதும். புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வருவதைப் பிள்ளைகளே சேர்த்துத் தருவார்கள்.

போன மாதம் சேரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்று வெகுகாலம், காது மந்தம். கமரா விஷயம் சொன்னேன். மெகாபிக்சலைப் பற்றி அவர் கேட்கவில்லை. "கழுவுவியா, இல்ல பெட்டிக்குள்ளயே வெச்சிருப்பியா?" என்று மட்டும் கேட்டார். கழுவுவேன் சேர் என்றேன். "எத்தின கொப்பி?" "ரெண்டு." "மத்தத எங்க வெப்பாய்?" அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் அதை யோசிக்கவே இல்லை. எங்கள் வீடு கடலிலிருந்து அறுநூறு மீற்றர். இரண்டாவது பிரதி அவருடைய வீட்டுக்கே போவதாக முடிவு. அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கச் சொல்லி மகளிடம் சத்தம் போட்டார்.

என் வகுப்புப் பெற்றோருக்கு: திங்கட்கிழமை பிள்ளையின் கொப்பிக்குள் ஒரு கடிதம் வரும். படம் எடுக்கலாமா, வேண்டாமா என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். எடுத்தால் ஒரு பிரதி உங்களுக்கு, காசு இல்லை. பேஸ்புக்கில் வராது, வட்ஸ்அப்பிலும் வராது. வேண்டாம் என்றால் "வேண்டாம்" பெட்டியில் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். காரணம் எழுதத் தேவையில்லை.